குழாய் வறண்ட மாதங்களும் ஒரு காதல் நாவலும்: டொங்காட், 2022

2022 ஏப்ரல் 14, வியாழக்கிழமை, சித்திரை முதல் நாள். தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு வடக்கே டொங்காட்டில் வசிக்கும் ஒரு காதல் நாவலாசிரியை அன்று தன் புதிய நாவலை வெளியிடுவதாக இருந்தார். நூலக அரங்கு பேசி முடித்தாகிவிட்டது. முதல் தொகுதிப் பிரதிகள் பெட்டி பெட்டியாக அவர் வீட்டுக் கூடத்துக்கு வந்து இறங்கிவிட்டன. மின்னூலுக்கு அமேசான் கிண்டிலில் முன்பதிவும் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குச் சரியாக மூன்று நாள் முன்னதாக, திங்கள் இரவு, வானம் உடைந்தது.

அந்த நாவல் அன்று வரவில்லை. அடுத்த ஆண்டுதான் வந்தது, அதுவும் வேறொரு நாவலாக. நடுவில் கழிந்த மாதங்களில், புத்தகம் விற்பதற்காக அவர் வைத்திருந்த ஏற்பாடுகள் அனைத்தும் அக்கம்பக்கத்தாருக்குத் தண்ணீர் கொண்டுசேர்க்கும் ஏற்பாடுகளாக மாறின. வெள்ள நிவாரணத்தைப் பற்றி இந்த நாட்டில் நிறையவே எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் ஓர் எழுத்தாளரின் வாசகர் வட்டம் இப்படிப் பயன்பட்டதை யாரும் எழுதி நான் பார்க்கவில்லை. சனிக்கிழமைகளில் கோயில் வளாகத்தில் நான் நடத்தும் தமிழ் வகுப்பில் அவர் மாணவி. தண்ணீர் சுமந்தவர்களில் பலர் அதே வகுப்பின் பிள்ளைகள். அதனால் இதை அருகிலிருந்து பார்த்தேன். தன் பெயர் வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் இங்கே எழுத்தாளர் என்றே குறிப்பிடுகிறேன். தெருவில் எல்லோருக்கும் அவர் அக்கா.

மழை போன பிறகு வந்த வறட்சி

2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் டர்பன் இருக்கும் குவாசுலு-நட்டால் மாகாணக் கடற்கரையைத் தாக்கிய மழையின் அளவைச் சொன்னால்தான் பிற்பாடு நடந்தது விளங்கும். டர்பனின் வெர்ஜீனியா விமான நிலையத்தில் 24 மணி நேரத்தில் 300 மில்லிமீட்டருக்கு மேல் பதிவானது. தெற்கே மார்கேட்டிலும் அதே அளவு. 400க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். சுமார் 40,000 பேர் இருப்பிடம் இழந்தார்கள். ஏப்ரல் 18 அன்று அதிபர் சிரில் ரமபோசா தேசியப் பேரிடர் நிலையை அறிவித்தார். மேலடுக்குக் காற்றோட்டத்திலிருந்து பிரிந்து, நகராமல் ஓரிடத்தில் தங்கிவிடும் தாழ்வழுத்தம்தான் இந்த மழையைக் கொண்டுவந்தது. பிறகு உலக வானிலை ஆய்வாளர் குழு ஒன்று கணக்கிட்டுப் பார்த்தது. பூமி சூடாகாமல் இருந்திருந்தால் 40 ஆண்டுக்கு ஒருமுறை எதிர்பார்க்கக்கூடிய இத்தகைய மழை, இப்போது 20 ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடியதாகிவிட்டது என்றார்கள்.

தொலைக்காட்சியில் காட்டியது நெடுஞ்சாலையில் மிதந்த சரக்குப் பெட்டகங்களையும் சரிவிலிருந்து வழுக்கி விழுந்த வீடுகளையும்தான். டொங்காட்டுக்கு விழுந்த அடி படத்தில் பிடிபடாத அடி. ஊருக்குக் குடிநீர் தரும் சுத்திகரிப்பு நிலையத்தை வெள்ளம் சிதைத்துவிட்டது. ஆற்றில் தண்ணீர் கரைபுரண்ட அதே வாரத்தில் வீட்டுக் குழாய்கள் வறண்டன. ஒரு வாரத்தில் சரியாகிவிடும், ஒரு மாதத்தில் சரியாகிவிடும் என்று சொல்லிச் சொல்லியே ஆறு மாதத்துக்கும் மேல் ஓடிவிட்டது. மே 21, 22இல் மறுபடியும் பெருமழை வந்து, பக்கத்திலுள்ள உம்தோட்டிக் கடற்கரையின் வீடுகளைச் சேற்றில் புதைத்தது. அப்போதும் டொங்காட் குழாயில் சொட்டு நீர் இல்லை.

முதல் வாரத்தில் உதவிக்குப் பஞ்சமில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். ஏப்ரல் 15 புனித வெள்ளி. ஈஸ்டர் விடுமுறையில் இசிபிங்கோ, மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயில்களில் கூடுவது இங்குள்ள தமிழரின் நெடுநாள் வழக்கம். ஆகவே அந்த வாரம் கோயில்காரர்களிடம் பெரிய பானைகளும் அரிசி மூட்டைகளும் சமைக்கத் தெரிந்த கைகளும் தயாராகவே இருந்தன. மசூதிகளும் தேவாலயங்களும் அப்படியே இறங்கின. பசித்தவர்களுக்குச் சோறு கிடைத்தது. ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து லாரி லாரியாகப் போத்தல் தண்ணீர் வந்தது. பிறகு பள்ளி திறந்தது, சம்பள நாள் வந்தது, லாரிகள் நின்றன. நம் எழுத்தாளரின் கதை உண்மையில் அங்கேதான் தொடங்குகிறது.

நாவலுக்குள்ளும் ஒரு வெள்ளம்

நிறுத்தி வைக்கப்பட்ட அந்த நாவலின் களம் 1917. அந்த ஆண்டு அக்டோபர் 28 அன்று டர்பனின் உம்கேனி ஆறு பெருகி, ஸ்பிரிங்ஃபீல்ட் தாழ்நிலத்தில் காய்கறி பயிரிட்டு வாழ்ந்த இந்தியக் குடும்பங்களைச் சூழ்ந்துகொண்டது. மாரிமுத்து படவட்டானும் அவருடன் இருந்த கரைவலை மீனவர்களுமாக ஆறு பேர், ஒரே படகில் திரும்பத் திரும்பப் போய் 176 பேரைக் கரைசேர்த்தார்கள். டர்பன் தமிழர் யாரைக் கேட்டாலும் தன் தாத்தாவோ கொள்ளுப்பாட்டியோ அந்தப் படகில் ஏறியதாகச் சொல்வார்கள். சொல்பவர் எல்லோரையும் ஏற்ற அந்தப் படகில் இடம் இருந்திருக்காது. ஆனாலும் அந்தப் பெருமையில் எனக்கும் பங்கு வேண்டும் என்றுதான் தோன்றுகிறது. அதே ஆறு 1976இல் டின் டவுன் குடியிருப்பை அழித்தது. அங்கிருந்து கிளம்பியவர்கள்தான் டர்பனை அடுத்த பீனிக்ஸ் நகரின் முதல் குடியிருப்பாளர்கள். வெள்ளம் எங்கள் குடும்பக் கதைகளில் நிரந்தரமாக இடம்பெற்றுவிட்ட ஒன்று.

நாவலின் நாயகி ஒரு கீரைத்தோட்டக்காரரின் மகள். நாயகன் வலைக்காரப் பையன். நள்ளிரவில் கூரைமேல் நிற்பவளை அவன் படகில் ஏற்றுவதுதான் உச்சக்கட்டம். விடியும்போது கரையில் இருவரும் கைகோத்து நிற்க, கதை முடிகிறது. அட்டையில் பழுப்பு நிற வெள்ளம், அதன் நடுவே ஒரு சிவப்புச் சேலை.

செவ்வாய்க்கிழமை காலை கூடத்தில் அந்த அட்டைகள் அடுக்கடுக்காக இருந்தன. வெளியே அதே நிறத்தில் தெரு ஓடிக்கொண்டிருந்தது. கைபேசிக் கோபுரங்கள் நூற்றுக்கணக்கில் செயலிழந்திருந்ததால் யாரையும் கலந்து பேச முடியவில்லை. அவர் தனியாகவே முடிவெடுத்தார்: இந்த வாரம் இந்த அட்டையை யார் கையிலும் கொடுக்க மாட்டேன். தொடர்பு மீண்டதும் மின்னூல் முன்பதிவையும் ரத்து செய்தார். கிண்டிலில் அப்படி ரத்து செய்தால் அடுத்த ஓராண்டுக்கு முன்பதிவு வசதி கிடைக்காது; அது தெரிந்தே செய்தார்.

வாசகர் சிலர் இதை ஏற்கவில்லை. இப்போதுதான் எங்களுக்கு ஒரு காதல் கதை வேண்டும், சேற்றை வாரிக் கொட்டிவிட்டு இரவில் எதையாவது படித்தால்தானே தூக்கம் வரும் என்றார்கள். அவர்கள் சொன்னதில் முழு நியாயம் இருந்தது. எழுத்தாளரும் அதை மறுக்கவில்லை. தன் பழைய நாவல்களில் கைவசம் இருந்தவற்றை எடுத்துக் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார். புதியதை மட்டும் பூட்டி வைத்தார். என் பார்வையில், ஒரு காதல் நாவலாசிரியைக்கு வாசகர்மேல் இருக்க வேண்டிய மரியாதை இதுதான். வெள்ளத்தைப் பின்னணி அழகாக எழுதிய ஒரு புத்தகத்தை, மெத்தையைக் கயிற்றில் காயப்போட்டுக்கொண்டிருக்கும் பெண்ணிடம் எப்படி நீட்டுவது?

கெட்டி அட்டை நோட்டு

தபாலில் போட்டால் எப்போது போய்ச் சேரும் என்று யாராலும் சொல்ல முடியாத காலம் அது. எழுத்தாளர் தன் புத்தகங்களை உள்ளூர் வாசகர்களின் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பார், அல்லது யார் மூலமாவது கொடுத்தனுப்புவார். அதற்காக ஒரு கெட்டி அட்டை நோட்டு வைத்திருந்தார். பெயர், தெரு, எந்தெந்தப் புத்தகம் வாங்கினார், பாக்கி உண்டா என்று கோடு போட்ட பத்திகள். கடைசிப் பத்தியில் பென்சிலால் எழுதிய குறிப்புகள். அவற்றில் சில:

"முன் கேட்டில் நாய். பின்பக்கம் போகவும்."

"காது கேட்காது. ஜன்னலைத் தட்ட வேண்டும்."

"செவ்வாய், வெள்ளி இருக்க மாட்டார். டயாலிசிஸ்."

"படி ஏற முடியாது. அடுத்த வீட்டு மாமியிடம் சாவி."

"மருமகள் கையில் கொடுக்கக் கூடாது. ஆயா கையிலேயே கொடுக்கவும்."

நிவாரண வேலை செய்தவர்களுக்கு இந்தப் பத்தியின் அருமை உடனே புரியும். எந்த அலுவலகப் பட்டியலிலும் இந்தத் தகவல் இருக்காது. வாக்காளர் பட்டியல் வயதைச் சொல்லும். முழங்கால் வலியைச் சொல்லாது. காதல் நாவல்களின் வாசகர்களில் தனித்து வாழும் முதிய பெண்கள் அதிகம். வெளியே போகாதவர்கள்தான் நிறையப் படிக்கிறார்கள், வெளியே போக முடியாதவர்களுக்குத்தான் தண்ணீரும் எட்டவில்லை. ஆக, புத்தகத்துக்கான பட்டியலும் தண்ணீருக்கான பட்டியலும் பெரும்பாலும் ஒன்றாகவே அமைந்துவிட்டன.

எட்டவில்லை என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். தென்னாப்பிரிக்க அரசின் அடிப்படை அளவுகோல் ஆளுக்கு நாளொன்றுக்கு 25 லிட்டர், வீட்டிலிருந்து 200 மீட்டருக்குள். மாநகராட்சி டேங்கர் லாரிகளை அனுப்பியது. தெருமுனைகளில் பெரிய பிளாஸ்டிக் தொட்டிகள் வைக்கப்பட்டன. வரைபடத்தில் பார்த்தால் பல வீடுகள் 200 மீட்டருக்குள்ளேயேதான் இருந்தன. ஆனால் டொங்காட்டின் குடியிருப்புகளில் பாதி மேட்டில் இருக்கின்றன. தொட்டி சாலையோரம் கீழே, வீடு மேலே. 25 லிட்டர் கேன் நிறைந்தால் 25 கிலோ. எழுபது வயது ஆயா அதை அசைக்கவும் முடியாது. லாரி வரும் நேரமும் நிச்சயமில்லை. அது வந்து ஹாரன் அடித்து, அவர் செருப்பு மாட்டி வாசலுக்கு வருவதற்குள் வரிசை தெருக்கோடிவரை போய்விடும். ஊருக்குத் தண்ணீர் வந்தது. அவர்கள் சமையலறைக்குத்தான் வரவில்லை.

எழுத்தாளர் செய்தது மிக எளிய காரியம். நோட்டைத் தெருவாரியாகப் பிரித்தார். ஒவ்வொரு தெருவுக்கும் தமிழ் வகுப்பிலிருந்து இரண்டு பிள்ளைகள், ஒரு பெரியவர். எல்லாம் 5 லிட்டர் போத்தல்கள்தான், கேன் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஐந்து லிட்டரை ஆயாவே அடுப்பங்கரைக்குத் தூக்கிக்கொண்டு போகலாம், பானையில் சாய்க்கலாம், யார் தயவும் வேண்டாம். இந்த ஒரு முடிவுதான் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியது என்று நினைக்கிறேன். உதவி பெறுகிறவர் தன் கையாலேயே அதைப் பயன்படுத்த முடிகிறதா என்று பார்ப்பவர்கள் குறைவு.

தொட்டித் தண்ணீரைக் குடிப்பதற்கு முன் சுத்தம் செய்யும் முறையையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி ஒவ்வொரு வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியிலும் ஒட்டினோம்: வாசனை சேர்க்காத வீட்டு ப்ளீச், 25 லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி, நன்றாகக் கலக்கி 2 மணி நேரம் மூடிவைக்கவும்.

ராயல்டி தாமதமாக வந்ததன் நன்மை

ஏப்ரல் மூன்றாம் வாரம் எழுத்தாளர் தன் வாசகர்களுக்கு அனுப்பிய கடிதத்தில், பழைய நூல்களின் மின்னூல் விற்பனையில் தனக்கு வருவதெல்லாம் தண்ணீருக்கு என்று அறிவித்தார். நல்ல மனம்தான். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தபோது ஒரு சிக்கல் தெரிந்தது. கிண்டில் ராயல்டி விற்ற மாதம் முடிந்து ஏறக்குறைய 60 நாள் கழித்துத்தான் வங்கிக்கு வரும். ஏப்ரலில் விற்ற புத்தகத்தின் பணம் ஜூன் கடைசியில். நாளைக்கு வேண்டிய தண்ணீருக்கு ஜூன் மாதப் பணம் எதற்கு ஆகும்? புத்தக விற்பனையை நன்கொடையாக அறிவிக்கும் எழுத்தாளர்கள் பலர் இந்த இடைவெளியை வாசகரிடம் சொல்வதில்லை. இவர் அடுத்த கடிதத்திலேயே சொன்னார்: இப்போதே உதவ நினைப்பவர்கள் புத்தகம் வாங்க வேண்டாம், தண்ணீர்ப் போத்தலாகவே வாங்கிக் கொடுங்கள். ராயல்டி வரும்போது வரட்டும்.

நடந்தது என்னவென்றால், ஜூன் கடைசியில் அந்தப் பணம் வந்தபோது டொங்காட்டில் குழாய் இன்னும் வறண்டே இருந்தது, உதவிக்கு வெளியூர் லாரி ஒன்றுகூட இல்லை. எல்லோரும் மறந்துபோன நேரத்தில் கைக்குக் கொஞ்சம் காசு கிடைத்தது. பெரிய தொகை இல்லை. காதல் நாவல் எழுதி மாளிகை கட்டியவர் டொங்காட்டில் யாரும் இல்லை. ஆனாலும் பழைய டிரக் ஒன்றுக்கு டீசலும், விரிசல் விட்ட போத்தல்களுக்கு மாற்றும் வாங்க அது போதுமாக இருந்தது. ஜூலையில் ஒருமுறை, ஆகஸ்டில் ஒருமுறை என்று அந்த ஊற்று மெல்ல ஊறிக்கொண்டிருந்தது. முதல் வாரத்துக்கு ராயல்டி உதவாது. நான்காவது மாதத்துக்கு அதைவிடப் பொருத்தமான பணம் இல்லை.

இதைவிட முக்கியமானது கடிதங்கள். மே மாதம் அவர் தண்ணீர் நிலவரத்தை மட்டும் எழுதி ஒரு கடிதம் அனுப்பினார். சாட்ஸ்வர்த், லெனேசியா, கேப் டவுன் வாசகர்களிடமிருந்து பதில் வெகுவாகக் குறைந்துவிட்டது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. எல்லோர் வீட்டிலும் கஷ்டம். துயரச் செய்தி மூன்றாம் தடவை வரும்போது மனம் கதவைச் சாத்திக்கொள்கிறது. ஜூனில் அவர் வேறு வழியைப் பிடித்தார். நிறுத்தி வைத்த நாவலைத் திருத்தி எழுதத் தொடங்கியிருந்தார். திருத்திய பகுதியைக் கடிதத்துக்கு ஒன்றாகத் தொடர்கதையாக அனுப்பினார். முதலில் தண்ணீர் நிலவரம் சில வரிகள், எந்தத் தெருவுக்கு என்ன தேவை என்று. அதன் கீழே கதை. கதை எப்போதும் ஓர் இக்கட்டில் நிற்கும். வாரப் பத்திரிகைக்காகக் கடைவாசலில் காத்திருந்த தலைமுறையின் பேத்திகள் நாம். அடுத்த பகுதி எப்போது என்று கேட்டுக் கடிதங்கள் வந்தன, அவற்றோடு போத்தல்களும் வந்தன.

புத்தகத்துக்கு விளம்பரமாகத் துயரத்தைப் பயன்படுத்துகிறார் என்று ஒரு குரலும் எழுந்தது. அந்தக் கேள்வி கேட்கப்பட வேண்டிய கேள்விதான். நான் இப்படிப் பார்க்கிறேன். தொடர்கதைக்கு அவர் காசு வாங்கவில்லை, புத்தகமும் அப்போது விற்பனையில் இல்லை. செய்தித்தாள் டொங்காட்டை விட்டுப் போன பிறகு, அந்த ஊரின் வறண்ட குழாயை வெளியூர்க்காரர்கள் மாதாமாதம் நினைத்துப் பார்க்க இருந்த காரணம் அந்தக் கதை ஒன்றுதான்.

உள்ளூரிலும் கதை அச்சிட்டுத் தண்ணீரோடு போனது. ட்ரூரோலேண்ட்ஸ் பக்கம் ஒரு ஆயா, போத்தல்களை இறக்கிவிட்டுத் திரும்பிய பையனைக் கூப்பிட்டு, "தண்ணீர் இருக்கட்டும் தம்பி, அந்தப் பெண் கூரையிலிருந்து இறங்கிவிட்டாளா இல்லையா?" என்று கேட்டார். அந்தப் பக்கங்களைப் பையன் வண்டியிலேயே மறந்து வைத்திருந்தான். ஓடிப்போய் எடுத்துவந்து வாசற்படியில் உட்கார்ந்து அவனே வாசித்துக் காட்டினான். அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு யார் போவது என்பதில் வகுப்பில் போட்டி.

திருத்தப்பட்ட நாவல்

2023இல் வெளிவந்த நாவலில் படகுக் காட்சி உச்சக்கட்டமாக இல்லை. அது புத்தகத்தின் நடுவிலேயே முடிந்துவிடுகிறது. மீதிப் பாதி முழுக்க வெள்ளம் வடிந்த பிறகான மாதங்கள். தோட்டம் மணல்மேடாகிவிட்டது, கிணறு கெட்டுவிட்டது, தகப்பனுக்குக் காய்ச்சல். வலைக்காரப் பையன் ஒவ்வொரு மாலையும் தோளில் தண்ணீர் சுமந்து வருகிறான். அவனைக் காப்பாற்றியவனாகப் பார்த்து நன்றி சொல்லும் பெண், எப்போது வேறு விதமாகப் பார்க்கத் தொடங்குகிறாள் என்பதுதான் இப்போது கதை. ஒருநாள் அவன் வரவில்லை. வாசலில் காலிக் குடத்தோடு நிற்கும்போது அவளுக்கு விளங்கிவிடுகிறது, தான் இவ்வளவு நாளும் காத்திருந்தது தண்ணீருக்கு இல்லை என்று. அந்த அத்தியாயத்தைப் பழைய பிரதியோடு ஒப்பிட்டுப் படித்தேன். முதல் வடிவம் திறமையான கை எழுதியது. இரண்டாவது, கேன் தூக்கிக் காய்த்த கை எழுதியது.

பழைய அச்சுப் பிரதிகளை அவர் விற்கவில்லை, பழைய காகிதக் கடைக்குப் போட்டுவிட்டார். அந்த நட்டம் சின்னதில்லை. புதிய அட்டையில் ஆறும் இல்லை, சிவப்புச் சேலையும் இல்லை. ஒரு வாசற்படியும் ஒரு செம்புக் குடமும் மட்டும். விற்பனை நன்றாகவே இருக்கிறது என்று சொன்னார். தொடர்கதையாக இலவசமாகப் படித்துவிட்டவர்கள் வாங்க மாட்டார்கள் என்று நான் நினைத்ததற்கு மாறாக, முதலில் வாங்கியவர்கள் அவர்கள்தான். பேரப் பிள்ளைக்கு ஒன்று, தங்கைக்கு ஒன்று என்று இரண்டிரண்டாக.

நோட்டின் அடுத்த பயன்

2024 ஜூன் 3, திங்கட்கிழமை பிற்பகல், டொங்காட்டைச் சூறாவளிச் சுழல் தாக்கியது. மக்வவேனியில் கூரைகளும் சுவர்களும் பறந்தன, பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள். இம்முறை நோட்டு உடனே வெளியே வந்தது. ஆனால் அதற்குள் அதில் ஒரு மாற்றம் செய்யப்பட்டிருந்தது, அதையும் இங்கே பதிவுசெய்ய விரும்புகிறேன்.

2022இல் அந்த நோட்டைத் தெருவாரியாகப் பிரித்தபோது எழுத்தாளர் பக்கங்களைக் கிழித்துப் பிள்ளைகள் கையில் கொடுக்கவில்லை. முகவரியையும் தண்ணீர் சம்பந்தமான குறிப்பையும் மட்டும் தனித்தனிச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். மருமகளுக்குத் தெரியாமல் ஆயா என்ன படிக்கிறார் என்பது தண்ணீர் சுமக்கும் பையனுக்குத் தெரிய வேண்டியதில்லை. இருந்தாலும் அவருக்கு மனம் ஒப்பவில்லை. புத்தகம் வாங்குவதற்காகத் தந்த முகவரியை வேறு காரியத்துக்கு எடுத்தது சரியா? தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2021 ஜூலை 1 முதல் இந்நாட்டில் முழு நடைமுறையில் இருக்கிறது. ஒரு நோக்கத்துக்காகப் பெற்ற தகவலை இன்னொன்றுக்குப் பயன்படுத்துவதை அது கட்டுப்படுத்துகிறது. சட்டத்துக்காக இல்லாவிட்டாலும் கேட்டுவிட்டுச் செய்வதே முறை என்று நினைத்தார்.

ஆகவே 2023இல் புதிய நாவலுடன் ஒரு சிறு படிவமும் போனது. இரண்டே கேள்விகள். அடுத்த புத்தகம் வந்தால் தெரிவிக்கலாமா? மழை, தீ, தண்ணீர்த் தட்டுப்பாடு போன்ற வேளைகளில் உங்கள் வீட்டுக்கு வந்து பார்க்கலாமா? இரண்டாவதற்கு "ஆம்" என்று எழுதியவர்கள் பலர் அதன் அருகிலேயே, கேட்காமலேயே, பின்வாசல் எந்தப் பக்கம், சாவி யாரிடம், நாயின் பெயர் என்ன என்றும் எழுதி அனுப்பியிருந்தார்கள். முதல் கேள்விக்கு "வேண்டாம்" என்று எழுதிவிட்டு இரண்டாவதற்கு மட்டும் "ஆம்" என்றவர்களும் உண்டு. அவர்களுக்கென்று நோட்டின் பின்பக்கத்திலிருந்து தனிப் பட்டியல் ஒன்று தொடங்கப்பட்டிருக்கிறது.